கண்ணாடி போடாமல் நடந்தவன்

கண்ணாடிக்கடைக்காரர் தன் ஆயுளில் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரே ஜீவன் ஒரு பூனை. அதையும் அவர் தேடிப் போகவில்லை. அது தானாக வந்து கடை வாசலை மறித்துப் படுத்திருந்தது. தாண்டிப் போக முடியாமல்தான் யாருடையது என்று விசாரித்தார். ஆனாலும் அன்றிலிருந்து அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் விழுந்துவிட்டது. விழுந்ததை அவரே குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டார் என்பதுதான் உண்மை.

“வீட்ல டிவி ரிமோட்டைக் காணோம்னு நானும் கத்திக்கிட்டே இருக்கேன். அதைத் தேட ஆளில்ல, ஊரான் தொலைச்சதையெல்லாம் தேடப் புறப்பட்டாச்சு,” என்பார் அவர் மனைவி. ரிமோட்டில் மர்மம் எதுவும் இல்லை என்பது அவருடைய பதில். மனதுக்குள் சொல்லிக்கொண்ட பதில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். கண் பரிசோதிக்கும் உள்ளறையில் மூன்று துப்பறிவாளர்களும் கூடுவார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு கோடியில் சாய்வு நாற்காலி, மறுகோடியில் விளக்கெரியும் எழுத்துப் பலகை. நாற்காலியில் கிளெய்ம் சார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கிடங்குகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்து, “இது தானா நடந்ததில்ல” என்று எழுதியே ரிடையர் ஆனவர். ஸ்டூலில் பார்லர் அக்கா. மாடியில் அழகு நிலையம் நடத்துகிறவர். காணாமல் போனவர்களைப் பற்றி செல்போனில் ஒரு பக்கமும் நடத்துகிறார், அதற்குத்தான் கூட்டம் அதிகம். கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருப்பார். அறை அவருடையது, வாடகையும் அவருடையது, இருக்கைதான் இரண்டே.

அந்த ஞாயிறு அவர்கள் எடுத்துக்கொண்ட கேஸ், சோடா.

சோடாவை, அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கண்ணாடிக்காரர் அறிவார். தடித்த கண்ணாடி போட்ட எந்தப் பிள்ளைக்கும் விழுகிற சோடாபுட்டிப் பட்டம், வயது ஏற ஏறச் சுருங்கி ‘சோடா’வாக நின்றிருந்தது. கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிக்கிற வேலை. அவன் அம்மாவுக்குத் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது. அம்மாவின் கண்ணாடியில் ஒரு திருகாணி எப்போதும் தளர்ந்துகொண்டே இருக்கும். அதை முடுக்கி முடுக்கியே உறவும் இறுகிவிட்டது. அந்தம்மாவுக்கு அவர் ‘அண்ணே’. அதனால் பையனுக்கு ‘மாமா’.

ஒரு சனிக்கிழமை சோடா நண்பர்களோடு வெளியே போனான். டயர் கடையில் வேலை பார்க்கும் அவன் சிநேகிதன் பஞ்சருக்குப் பிறந்தநாள். மெயின் ரோட்டில் பாட்டுப் போடுகிற பார். மற்றவர்கள் புறப்படும் முன்பே, “நடந்தே போயிடறேன்டா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை. செல்போன் அணைந்துவிட்டது. மிஞ்சியது, வழியில் ஒரு டைல்ஸ் கடையின் கேமராவில் பதிந்த சின்ன வீடியோ. டைல்ஸ்காரர் மனைவிக்குப் புருவம் திருத்தும்போது பார்லர் அக்கா அதைப் பறித்து வந்திருந்தார். கத்தி கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும்போது யாரும் எதையும் மறுப்பதில்லை.

“இதோ வரான் பாருங்க. ஜாக்கெட் அவனோடதுதான். அம்மாவே பாத்துச் சொல்லிட்டாங்க,” என்றார் பார்லர் அக்கா.

“ஜாக்கெட் அவனோடதுன்னா உள்ள இருக்கறதும் அவனாத்தான் இருக்கணுமா?” என்றார் கிளெய்ம் சார். “எத்தனை கார் பாத்திருக்கேன். நம்பர் பிளேட் ஒண்ணு, இன்ஜின் வேற.”

“மனுசனுக்கு இன்ஜின் மாத்துவாங்களா சார்?”

“சந்தர்ப்பம் கிடைச்சா எல்லாம் மாத்துவாங்கம்மா.”

வீடியோவில் ஒருவன் தனியாக வந்தான். முகம் மாவு பூசினாற்போல் மங்கல். டைல்ஸ் கடை ஓரத்தில் சாக்கடை மூடி உடைந்து கிடந்த இடத்தில் ஒரு கணம் நின்று, குனிந்து பார்த்து, ஓட்டையை லாகவமாகத் தாண்டினான். பிறகு, பாதி கட்டி நின்றுபோன கட்டடத்தை ஒட்டிய சந்துக்குள் திரும்பினான். அவ்வளவுதான்.

“நிறுத்துங்க,” என்றார் கண்ணாடிக்காரர். “திரும்பப் போடுங்க. அவன் மூக்கைப் பாருங்க.”

“மூக்குல என்ன?”

“ஒண்ணுமில்ல. அதான் விஷயம். கண்ணாடி எங்க?”

இருவரும் திரையில் முகத்தைப் புதைத்தார்கள்.

“சோடாவுக்கு மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழட்டினா, இந்தப் பலகைல எழுத்து என்ன எழுத்து, பலகையே தெரியாது அவனுக்கு. இவன் என்னடான்னா ராத்திரில உடைஞ்ச மூடியைப் பாத்துக் காலைத் தூக்கி வெக்கிறான். இது சோடா இல்ல.”

அறையில் ஒரு மௌனம் விழுந்தது. கண்ணாடிக்காரர் சொன்னதைக் கேட்டு யாரும் வாயடைத்துப் போனதாக அவர் ஐம்பத்தைந்து வருட வாழ்க்கையில் வரலாறு இல்லை. அதன் ருசி அவருக்குப் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நீடிக்கட்டும் என்று துணியை எடுத்துத் தன் கண்ணாடியைத் துடைத்தார்.

“அப்ப இது யாரு?” என்றார் பார்லர் அக்கா மெதுவாக.

கிளெய்ம் சார் சாய்வு நாற்காலியை நிமிர்த்தினார். “ஜாக்கெட்டைக் கழட்டி மாட்டிக்கிட்டவன். கேமரால படணும்னே நடந்து காட்டினவன். அதே உயரம், அதே உடம்புவாகு. கூடப்போன கூட்டத்துல யாரு அப்படி?”

பஞ்சர்தான் அப்படி.

மறுநாளே மூவரும் டயர் கடைக்குப் போனார்கள். சந்தேகம் வரக் கூடாதென்று கிளெய்ம் சார் தன் கார் டயரில் தானே காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார். ‘தானா நடந்ததில்ல’ என்று ஊருக்கெல்லாம் எழுதியவர். பஞ்சர் கறுத்த கைகளோடு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கமில்லாத கண்கள்.

“உன் ஃப்ரெண்ட் அன்னிக்கு ஏன்டா கண்ணாடி போடல?” என்று கேட்டார் கிளெய்ம் சார்.

“லென்ஸ் போட்டிருந்தான் சார். கண்ணுக்குள்ள வெப்பாங்கல்ல, அது. வெளிய வந்ததும் கண்ணாடியைக் கழட்டி உள்பாக்கெட்ல வெச்சுட்டு அதைப் போட்டுக்குவான். வீட்ல தெரியாது. கண்ணாடி இல்லாம நாலு பேர் முன்னால நிக்கணும்னு அவனுக்கு ரொம்ப ஆசை.”

“எங்க வாங்கினான் அந்த லென்ஸை?”

பஞ்சர் கண்ணாடிக்காரரை ஒரு முறை பார்த்தான். பார்வையைத் தொட்டிக்குள் போட்டுக்கொண்டான். “அது... எங்கயோ வாங்கினான் சார். தெரியல.”

ட்யூபிலிருந்து குமிழிகள் வந்தன. காருக்குள் ஏறியதும் கிளெய்ம் சார் சொன்னார்: “பாத்தீங்களா? கேள்வியைக் கேட்டதும் முழிச்சதை?”

“முழியே சரியில்ல,” என்றார் பார்லர் அக்கா.

“பச்சைப் பொய்,” என்றார் கண்ணாடிக்காரர். “லென்ஸ் வாங்கறதா இருந்தா அவன் என்கிட்டதான் வாங்கியிருப்பான்.”

இதை அவர் சத்தியமாக நம்பினார். ஒரு தடவை பையன் வந்து, “மாமா, கான்டாக்ட் லென்ஸ் போட்டா நல்லாருக்குமா?” என்று கேட்டதுண்டு. “கண்ணு என்ன ஷோகேஸா, உள்ள பிளாஸ்டிக்கை ஒட்டி வெக்க? உனக்கு என்ன கல்யாணமா?” என்று தொடங்கி அவர் வெகுநேரம் பேசினார். “சரி மாமா” என்று பையன் சிரித்தான். அத்தோடு விஷயம் முடிந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் போன வருடம் ஒரு கண்ணாடிக்கடை திறந்திருக்கிறார்கள். கண் கூசுகிற விளக்கு, வாசலில் பலூன். தன் வாடிக்கையாளர் எவரும் அதற்குள் கால் வைக்க மாட்டார்கள் என்பது கண்ணாடிக்காரரின் மதம். தன் கல்லாவில் தினம் தினம் காற்றாடுவதைப் பார்த்தும் அவர் மதம் மாறவில்லை. ஊரார் பார்வைக்கெல்லாம் நம்பர் சொல்கிறவர், எதிர்க்கடைக் கூட்டத்தை மட்டும் பார்த்ததில்லை.

அன்றைக்கே ‘பூதக்கண்ணாடி’ என்ற பெயரில் அக்காவின் பக்கத்தில் எழுதினார். ‘மூக்கில் கண்ணாடி இல்லை, நண்பன் சொல்வது உண்மை இல்லை’ என்று தலைப்பு, கீழே பஞ்சரின் பெயர். எதுகை அமைந்ததில் அவருக்குத் தனி சந்தோஷம். ஊர் முழுக்கப் படித்தது. மனைவிகூடப் படித்துவிட்டு, அன்று ரிமோட்டைப் பற்றிப் பேசவில்லை.

பையனின் அம்மா கடைக்கு ஓடி வந்தார். வேலை உடுப்பில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“அண்ணே, அது என் புள்ள இல்லையாமே? நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம்?”

“ஆமாம்மா.”

“அப்ப அவன் அந்தச் சந்துப் பக்கம் போகவே இல்ல?”

“போகல.”

“அந்தக் கட்டடத்துக்கு அடியில பெரிய பள்ளம், மழைத்தண்ணி நிக்குதுன்னாங்க. நாளைக்கு மோட்டர் வெச்சு இறைக்கப்போறாங்களாம். என்னைக் கூப்பிட்டிருக்காங்க. எப்படிண்ணே போய் நிப்பேன்னு... உயிரோடதான் இருக்கான், இல்ல?”

அந்த முகத்தைப் பார்த்து, ‘எனக்கு எப்படிம்மா தெரியும்’ என்று சொல்லத் தனித் தைரியம் வேண்டும். பூனையைக் கண்டுபிடித்தவருக்கு அது இல்லை.

“இருப்பாம்மா,” என்றார். “எங்கயோ இருப்பான்.”

அந்தம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவரையே கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கண்ணாடிக்காரர், கண் சோதிக்கும்போது மாட்டிவிடுகிற காலி பிரேமையும் ப்ளஸ் எட்டு லென்ஸ்களையும் கொண்டுபோயிருந்தார். அதை மாட்டினால் நல்ல கண்ணுக்கும் சோடாவின் மங்கல் வந்துவிடும். இன்ஸ்பெக்டருக்கே மாட்டிவிட்டு, “இப்ப எழுந்து நடங்க சார்” என்றார். இன்ஸ்பெக்டர் இரண்டடி வைத்து மேஜையில் இடித்துக்கொண்டார். ஏட்டு சிரிப்பை அடக்கினார். அவ்வளவு சுத்தமான சாட்சி அந்த ஸ்டேஷனுக்கு வந்ததில்லை. அம்மாவும், “என் புள்ள லென்ஸெல்லாம் போடறவன் இல்ல, வீட்லேருந்து கண்ணாடி போட்டுக்கிட்டுதான் போனான்” என்று எழுதிக் கொடுத்தார். கட்டடக்காரருக்கும் மோட்டர் வைப்பதில் விருப்பமில்லை. தண்ணீர் இறைப்பது நின்றது. அதே ஜீப் போய்ப் பஞ்சரை ஏற்றிக்கொண்டு வந்தது.

பஞ்சரைக் கேட்கிற மாதிரி கேட்டார்கள். ஒன்றும் கிடைக்காமல் அனுப்பினார்கள். அதற்குள் டயர் கடையில் வேறு ஆள் வந்தாயிற்று. யாரோ அவன் வீட்டுச் சுவரில் ‘கொலைகாரன்’ என்று தாரால் எழுதினார்கள். ஒருநாள் சோடாவின் அம்மா அவன் வாசலில் நின்று, “என் கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்படா! எங்கடா வெச்சிருக்க என் புள்ளைய?” என்று தெருவே கூடும்படி அழுதார். அவன் வெளியே வந்து நின்றான். அறைந்தார். அசையாமல் வாங்கிக்கொண்டான். அதையும் யாரோ வீடியோ எடுத்தார்கள்.

“அழக்கூட இல்ல பாருங்க. கல்நெஞ்சக்காரன்,” என்றார் பார்லர் அக்கா அடுத்த ஞாயிறு.

“அழுதிருந்தா நடிக்கிறான்னு சொல்லியிருப்பேன்,” என்றார் கிளெய்ம் சார், தன் நேர்மையைத் தானே மெச்சிக்கொண்டு.

கண்ணாடிக்காரர் சிரித்தார். பின்னாளில் அவர் நினைத்து நினைத்துக் கூசியது அந்தச் சிரிப்பைத்தான்.

மாதங்கள் போயின. அந்தம்மா வீட்டுக் கதவைத் தாழ் போடாமலே தூங்கினார். திருகாணி முடுக்க வரும்போதெல்லாம், “எங்கயோ இருப்பான், இல்லண்ணே?” என்பார். “இருப்பாம்மா” என்பார் இவர். திருகாணியைப் போலவே அதையும் அவ்வப்போது முடுக்கிவிட வேண்டியிருந்தது.

மழைக்காலம் ஓய்ந்தது. கட்டடக்காரருக்கு எங்கிருந்தோ கடன் கிடைத்து, வேலையைத் தொடங்குவதற்காக அவரே மோட்டர் வைத்துப் பள்ளத்தை இறைத்தார். சரிந்து கிடந்த சாரப் பலகைகளுக்கு அடியில் சோடா இருந்தான். வீட்டுக்குக் குறுக்கு வழி அது. ஓரத்து மண் அவனோடு சேர்ந்து உள்ளே சரிந்திருந்தது. போனவன் அன்றைக்கே போயிருக்கிறான் என்றார்கள் டாக்டர்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு மதியம் அந்தம்மா கடைக்கு வந்தார். உள்ளறையில் திரைக்குப் பின்னால் கிளெய்ம் சாரும் பார்லர் அக்காவும் இருந்தார்கள். முன்கடையில் கண்ணாடிக்காரர் தனியாக நின்றார். அந்தம்மா ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில், சேறு காய்ந்த ஒரு மூக்குக்கண்ணாடி, இவர் கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. அடுத்து, இரண்டு மூடி போட்ட ஒரு குட்டி டப்பா.

“இது என்ன?”

“போலீஸ்ல சொல்லியிருப்பாங்களேம்மா.”

“சொன்னாங்க. உங்க வாயால கேக்கணும்.”

அவர் டப்பாவைப் புரட்டினார். அடியில் எதிர்க்கடையின் ஸ்டிக்கர், தண்ணீரில் ஊறியும் உரியாமல் இருந்தது. நல்ல பசை. 

“லென்ஸ் வெக்கிற டப்பா,” என்றார்.

“அப்ப அந்தப் படத்துல நடந்து போனது?”

“சோடாதாம்மா.”

அந்தம்மா தலையை ஆட்டினார். செக்கிங் மேஜையில் ஒரு சட்டையை முடித்து அடுத்ததை எடுப்பது போல. 

“பஞ்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறக்கல, ஜன்னல் வழியாப் பேசினான். ‘மாமாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு, சொல்லாதடா’ன்னு என் புள்ள அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். எதிர்க்கடைக்குப் போறதுக்கு முன்னால உங்ககிட்ட வந்து பழைய கண்ணாடியை ஒருதரம் சரிபண்ணிக்குவானாம். அப்புறம் தெருவைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கமாப் போவானாம், நீங்க பாத்துடக் கூடாதுன்னு. நீங்க மூணு பேரும் போய்க் கேட்டப்போ, உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னுதான் அவன் முழிச்சிருக்கான். அப்புறம் போலீஸ்ல எதிர்க்கடைன்னு சொல்லியும் யாரும் போய் விசாரிக்கலையாம்.”

கண்ணாடிக்காரருக்குப் பையனின் கடைசி வருகை ஞாபகம் வந்தது. மூக்குப்பிடிக்குப் புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். “சூப்பர் மாமா” என்றான். கையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற திசைக்கு எதிர்த்திசையில் நடந்தான். ஏன் அப்படிப் போகிறான் என்று அப்போது பூதக்கண்ணாடிக்குத் தோன்றவில்லை.

“இதைக் கழுவித் தாங்க,” என்று அந்தம்மா மூக்குக்கண்ணாடியை நீட்டினார். “சேறு போகமாட்டேங்குது.”

கண்ணாடிகளை அதிரவைத்துக் கழுவுகிற மின்தொட்டியில் போட்டு சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் கிறுகிறுவென்று நடுங்கியது. புது ரப்பரின் இடுக்கிலிருந்து சேறு கிளம்பி, சின்ன மேகமாக எழுந்து கலைந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து கிளெய்ம் சாரின் குரல் வந்தது. ரகசியம் பேசத் தெரியாத குரல். “ஒண்ணு யோசிச்சுப் பாருங்க அக்கா. அந்த டப்பாவை எவன் வேணும்னாலும் பாக்கெட்ல வெச்சிருக்கலாமே? நான் பாக்காததா...”

கண்ணாடிக்காரர் திரையை இழுத்தார். கொக்கிகள் இரண்டு பிய்ந்து வந்தன. 

“எந்திரிங்க சார்.”

“என்னய்யா, நான் பொதுவாச் சொன்னேன்...”

“அது நோயாளி உக்கார்ற நாற்காலி. எந்திரிங்க. அக்கா, நீங்களும்.”

கிளெய்ம் சார் போகும்போது அந்தம்மாவைப் பார்த்து, “ஆழ்ந்த வருத்தங்கம்மா” என்றார். பார்லர் அக்கா, தான் வைத்த பிஸ்கட் பொட்டலத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, எடுத்துக்கொண்டு போனார்.

“வாங்க,” என்றார் அந்தம்மா. “அவன்கிட்ட நீங்க வந்து சொல்லணும்.”

ஷட்டரை இறக்கிவிட்டு அவர் பின்னால் நடந்தார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை உருப்போட்டார். பஞ்சரின் வீட்டுச் சுவரில் தாரின்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எழுத்து அதற்குள்ளிருந்தும் படிக்கும்படி இருந்தது. அந்தம்மா ஜன்னலைத் தட்டினார். ஒரு கதவு விரலளவு திறந்தது.

“கண்ணாடிக்கடை சார் வந்திருக்காரு,” என்றார் அந்தம்மா. “உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்.”

சார். இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. உருப்போட்ட வாக்கியம் அத்தோடு மறந்துபோயிற்று.

“தம்பி,” என்றார்.

“வேணாம் சார்,” என்றது உள்ளிருந்த குரல். “எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? நான் செய்யலைன்னுதான் எனக்குத் தெரியுமே. எங்க எழுதிப் போட்டீங்களோ அங்கயே எழுதிப் போடுங்க.”

ஜன்னல் மூடிக்கொண்டது.

தெருவிலேயே நின்று கண்ணாடிக்காரர் செல்போனை எடுத்தார். அக்காவின் பக்கத்தைத் திறந்து எழுதினார். எழுதி முடித்ததும் அந்தம்மா போனை வாங்கி, தன் தளர்ந்த கண்ணாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, வரிவரியாகத் தடவிப் படித்தார்.

“‘நாங்கள் தவறு செய்துவிட்டோம்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“நாங்கள் வேணாம். நான்னு போடுங்க.”

போட்டார்.

“‘நண்பர்’னு இருக்கு. பேரைச் சொல்லித்தானே கெடுத்தீங்க? பேரைப் போடுங்க.”

போட்டார். அந்தம்மா இன்னொரு முறை படித்து, “சரி” என்று திருப்பித் தந்தார். கழுவிய கண்ணாடியை மஞ்சள் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். துணியின் அச்சு உள்பக்கமாகப் போகும்படி சுற்றினார்.

“போறேன் சார்,” என்றார்.

வரேன் என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியின் திருகாணி எப்படியும் வாரக் கடைசிக்குள் கழன்றுவிடும். எதிர்க்கடையிலும் திருப்புளி வைத்திருப்பார்கள்.

செல்போன் சிணுங்கியது. அவர் எழுதியதன் கீழே முதல் ஆள் வந்துவிட்டிருந்தார். பெயர் தெரியாத யாரோ.

‘பூதக்கண்ணாடி, இப்படி எழுத அந்தக் கொலைகாரன்கிட்ட எவ்வளவு வாங்குனே?’

அதற்குக் கீழே, கிளெய்ம் சார் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்.